பத்து சதவீதம் சரிங்க, எதில் பத்து? லாபம் பகிரும் ஜெர்சிக் கம்பெனிகள் சறுக்கும் இடங்கள்

திருப்பூரில் ஜெர்சி தைப்பது பெரிய காரியமில்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாமே ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தர, பக்கத்திலேயே ஆள் கிடைக்கும். அதனால் ‘விளையாட்டு உடை விற்போம், லாபத்தில் ஒரு பங்கை இளைஞர்களுக்கான அறக்கட்டளைக்குக் கொடுப்போம்’ என்று இறங்குபவர்கள் தையலில் தவறுவதில்லை. காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போடுகிற ஆளாக நான் பார்த்தவரை, கோட்டை விடுவது கணக்கில்தான்.

முதல் தவறு உடையில் தொங்கும் டேக்கிலேயே அச்சாகிவிடுகிறது. ‘10 சதவீதம் இளைஞர் நலனுக்கு’ என்று போட்டிருக்கும். எதில் பத்து? ஒரு ஜெர்சி 420 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2500 ரூபாய் வரையிலான உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 20 ரூபாய் அங்கே போய்விடும். மீதி 400. துணி, தையல், பிரிண்ட், பேக்கிங் 280. கடைக் கமிஷன், கூரியர் 80. கையில் நிற்பது 40. விற்பனையில் 10 சதவீதம் என்றால் அந்த நாற்பதும் காலி. வாடகைக்கு எங்கே போவது? லாபத்தில் 10 சதவீதம் என்றால் வெறும் 4 ரூபாய். அதுவும் வாடகை, சம்பளம், வட்டி, வரி எதுவும் கழிக்காமல். வாங்குகிறவரோ 42 ரூபாய் போகிறது என்று நம்பி வாங்குகிறார். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று நிரூபணமானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழும். ‘வரி போக மிஞ்சும் நிகர லாபத்தில் இத்தனை சதவீதம், இன்ன அறக்கட்டளைக்கு’ என்று அச்சடித்தால் டேக்கில் ஓர் எழுத்து வரிதான் கூடும்.

அடுத்தது, ஏட்டு லாபத்தைக் கைப்பணம் என்று நினைப்பது. பொங்கல் கபடிப் போட்டிக்கு ஊர்க்குழு ஜெர்சி வாங்கும். பணம் கேட்டால் ‘மாரியம்மன் நோம்பி முடியட்டுங்ணா, தந்தர்றோம்’ என்பார்கள். மார்ச் 31 ஏட்டில் அது லாபம். இன்னொரு பக்கம், குறு, சிறு தொழிலாகப் பதிவான ஜாப் ஒர்க்காரருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போக வேண்டும். கெடு தாண்டி, ஆண்டும் முடிந்துவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வரிக் கணக்கில் கழிக்க முடியாது. காகிதத்தில் லாபம் வீங்கும், வங்கியில் இருப்பு இருக்காது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வட்டிக்கு வாங்கி நன்கொடை கொடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். தணிக்கை முடிந்து, வசூலான பணத்திலிருந்து கொடுப்பதாக முன்பே எழுதி வைத்தால் அந்தச் சங்கடமில்லை.

செகண்ட்ஸ் எனப்படும் குறையுள்ள பீஸ்களை மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு, எம்ஆர்பி விலையில் ‘இத்தனை லட்சம் கொடுத்தோம்’ என்பதும் நடக்கிறது. திருப்பூரின் துணிச்சந்தையான காதர்பேட்டையில் அந்த மூட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்று நம் ஊருக்கே தெரியும். பொருளாகக் கொடுப்பதற்கு, நன்கொடைக்கான வருமான வரிக் கழிவும் கிடையாது. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. 22 சதவீதச் சலுகை வரியைத் தேர்ந்த கம்பெனிக்கு முறையாகக் கொடுத்தாலும் அந்தக் கழிவு இல்லை. ஆடிட்டரிடம் கேட்காமல் வரிச்சலுகையை நம்பி சதவீதத்தை ஏற்றிவிட்டவர்கள் பிறகு விழிக்கிறார்கள்.

விளம்பரப் படங்கள் தனிக்கதை. அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கும் சிறுவர்களுக்கு ஜெர்சி போட்டு, பெயரோடு படம் வெளியிடுவது உருக்கமாகத்தான் இருக்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. மைதானத்தையும் பந்தையும் காட்டினால் போதாதா?

எனக்கு உறுத்துவது நூல். கொங்கு நாட்டு ஸ்பின்னிங் மில் விடுதிகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைப் பிடித்துவைத்து வேலை வாங்கிய கதை இங்கே யாருக்கும் புதிதில்லை. இளைஞர் நலன் என்று டேக்கில் போடுகிறவர், தன் நூல் எந்த மில்லில் இருந்து வருகிறது, அங்கே விடுதிப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர முடிகிறதா என்று நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும். சான்றிதழ் நகலை ஃபைலில் வைத்திருப்பவர்கள் நிறைய. மில் வாசல் வரை போனவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே அதிகம்.