பூட்டைக் கேட்டால் திறப்பை அனுப்பாதீர்கள்

காணி உறுதியின் அருமையை வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்வுகளில் மூலப்பிரதியைத் தொலைத்துவிட்டு, பிறகு ஒரு போட்டோக்கொப்பிக்காக அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. இன்று அதே உறுதியும் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் இணையத்தில் போகின்றன. அவற்றை மறைகுறியாக்கி, அதாவது உரியவர் மட்டும் வாசிக்கும்படி பூட்டி, அனுப்பச் சில சிறிய அமைப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் கண்ட சேதங்களில் ஒன்றுகூடக் கணிதம் உடைந்ததால் வந்ததில்லை. எல்லாம் திறப்பைக் கையாண்ட விதத்தால் வந்தவை.

பொதுத்திறப்பு, தனித்திறப்பு என்ற பெயர்களிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பொதுத்திறப்பைத் திறந்து கிடக்கும் ஆமைப்பூட்டு என்று நினையுங்கள். அதை ஊர் முழுக்கக் கொடுக்கலாம். யாரும் தங்கள் பெட்டியில் கொளுவி அமத்திப் பூட்டலாம். பூட்டியதைத் திறப்பது உங்களிடம் இருக்கும் தனித்திறப்பு மட்டுமே.

முல்லைத்தீவில் ஒரு தம்பியிடம் பொதுத்திறப்பைக் கேட்டேன். மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது தனித்திறப்பு. சொன்னதும் பதறிப்போய், "அண்ணா, அந்த மெயிலை அழிச்சிட்டன்" என்றார். அழித்துப் பயனில்லை. அது என் பெட்டியிலும், இடையிலுள்ள சேவையகங்களிலும், அவர் போனிலும் கிடக்கும். ஒருமுறை வெளியே போன தனித்திறப்பு போனதுதான். புதுச் சோடி உருவாக்கி, பழையது செல்லாது என்று எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். தொலைவிலுள்ள சேவையகத்தில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறையின் திறப்பு என்றால் 'பப்' (.pub) என்று முடியும் கோப்பை மட்டும் அனுப்புங்கள்.

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது, கண்ணுக்கும் தெரியாது: வந்த பூட்டு யாருடையது என்று பாராமல் பூட்டுவது. முன்பின் சந்திக்காத இருவர் திறந்த வெளியில் பேசியே ஓர் இரகசியத் திறப்பை உருவாக்கலாம் என்று டிஃபி, ஹெல்மன் என்ற ஆய்வாளர்கள் 1976இல் காட்டினார்கள். ஆனால் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நடுவில் ஒருவர் புகுந்து இரு பக்கமும் தன் பூட்டைக் கொடுத்தால் இருவருக்குமே தெரியவராது. அதனால் திறப்பின் கைரேகை எண்ணை, அதாவது திறப்பிலிருந்து கணிக்கப்படும் சுருக்கமான அடையாள எண்ணை, தெரிந்த குரலில், போனில் வாசித்து ஒப்பிடுங்கள். வட்ஸ்அப்பிலும் ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் உண்டு. பரந்தன் சந்தியில் தேநீர் குடிக்கும்போது இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடம்தான். எஸ்எஸ்எச்சில் 'சேவையகத்தின் திறப்பு மாறிவிட்டது' என்று எச்சரிக்கை வந்தால், உங்கள் கணினி குறித்துவைத்திருக்கும் பழைய திறப்பு வரியை அழித்துவிட்டு உள்ளே போகாதீர்கள். சேவையகத்தை மறுபடி நிறுவியிருக்கலாம், சரி. அதைப் பராமரிப்பவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகு போங்கள்.

கடைக் கணினியில் தனித்திறப்பைத் திறக்க வேண்டாம். கடவுச்சொல் போட்ட கோப்போடு அதே மின்னஞ்சலில் கடவுச்சொல்லையும் எழுத வேண்டாம்.

சொந்தமாக மறைகுறியாக்க முறை எழுதும் ஆசை மாணவர்களுக்கு வரும். படிக்க எழுதிப் பாருங்கள். மற்றவர்களின் ஆவணங்களை அதில் போடாதீர்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், திறப்புகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2006இல் செய்த ஒரு சிறு திருத்தம், திறப்பை ஊகிக்க முடியாததாக்கும் எழுமாற்றுத் தன்மையைக் கெடுத்தது. 2008 வரை அங்கே உருவான திறப்புகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும், சுமார் 32,000 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. அனுபவசாலிகளின் கையிலேயே அது நடந்தது.

கடைசியாக, பிரதி. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்களோடு வேலை செய்த ஒருவரின் லப்டொப் தண்ணீருக்குள் போனது. பூட்டிய கோப்புகள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. தனித்திறப்பு அந்த லப்டொப்பில் மட்டும். அந்தத் திறப்பு இனிச் செல்லாது என்று அறிவிக்கும் இரத்துச் சான்றிதழும் அதற்குள்தான். இன்று இரண்டையும் கடதாசியில் அச்சிட்டு, காணி உறுதி வைக்கும் உறையிலேயே வைக்கச் சொல்கிறேன். அன்று அப்படிச் செய்திருக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும், திறக்க முடியாமல் போன விவரங்களை மறுபடி எடுக்க, அதே படிவங்களோடு வீடு வீடாக மறுபடி போனோம்.