பழைய உழவு மெசினில் டைனமோவைக் கழற்றி ஓல்ரனேற்றர் பூட்டுவது

காலபோக உழவு தொடங்கினால் வன்னியில் மெசின் இரவிலும் வயலில்தான் நிற்கும். முன்னுக்கு 55 வோட்ஸ் பல்ப் இரண்டு, பின்னுக்குக் கலப்பையைப் பார்க்க ஒன்று: மொத்தம் 165 வோட்ஸ், கிட்டத்தட்ட 14 அம்பியர். பழைய மெசினில் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோ நல்ல ஓட்டத்தில் 20, 22 அம்பியர் தரும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. லைற்றைப் போட்டபடி வரம்போரம் நிற்க நிற்கப் பற்றரி இறங்குவது அதனால்தான்.

அதற்குப் பதில் ஸ்லோவிலும் சார்ஜ் தரும் ஓல்ரனேற்றரைப் பூட்டலாம். றெகுலேற்றர் (வோல்ற் கூடாமல் பார்க்கும் பகுதி) உள்ளுக்கே இருக்கிற 40, 45 அம்பியர் ஓல்ரனேற்றர் தாராளம். 6 சதுர மில்லிமீற்றர் வயர் 4 மீற்றர், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் 3 மீற்றர், 50 அம்பியர் பியூஸ் ஒன்று, 5 அம்பியர் பியூஸ் ஒன்று, 12 வோல்ற் 3 வோட்ஸ் பல்ப் ஒன்று எடுத்து வையுங்கள்.

முதலில் பற்றரியின் எந்த முனை பொடியில் (மெசினின் இரும்பு உடலில்) பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய மெசின் பலவற்றில் பிளஸ்தான் பொடிக்குப் போயிருக்கும். அதைத் திருப்பி மைனஸைப் பொடிக்குக் கொடுக்க வேணும். பிளஸ் முனை கொஞ்சம் தடிப்பு என்பதால் பழைய கிளாம்புகள் பொருந்தாது, புதிது போடுங்கள். இப்படித் திருப்பினாலும் ஸ்ராட்டர் வழமையான பக்கமே சுற்றும். முனையைத் திருப்பாமல் ஓல்ரனேற்றரைப் பூட்டினால், பற்றரி வயர் தொட்ட கணமே அதனுள் இருக்கும் டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பகுதி) போய்விடும்.

பழைய றெகுலேற்றர் பெட்டியை முழுதாகக் கழற்றி எடுங்கள். ஒரு வயரைக்கூட அதனூடாக விடாதீர்கள். பழைய அம்மீற்றரையும் சார்ஜ் வயரிலிருந்து விலக்குங்கள், அது இந்த அளவு கரண்டைத் தாங்காது.

இனி தடித்த வயர். ஓல்ரனேற்றரில் சார்ஜ் வெளியே வரும் பி பிளஸ் முனையிலிருந்து, பற்றரி கேபிள் வந்து ஸ்ராட்டரில் ஏறும் அதே போல்ற்றுக்குக் கொண்டுபோங்கள். 50 அம்பியர் பியூஸ் ஸ்ராட்டர்ப் பக்கமே இருக்க வேணும். வயர் உரஞ்சிப் பொடியில் முட்டினால் நெருப்பைத் தருவது பற்றரி, ஓல்ரனேற்றர் அல்ல.

அடுத்தது சின்ன வயர். சாவி போட்டால் கரண்ட் வரும் முனையிலிருந்து 5 அம்பியர் பியூஸ், அதிலிருந்து பல்ப், பல்பிலிருந்து ஓல்ரனேற்றரின் எல் அல்லது டி பிளஸ் முனை. இந்தப் பல்ப் வெறும் அடையாள லைற் இல்லை. பல வகைகளில் அதனூடாகப் போகும் கால் அம்பியர்தான் உள்ளே காந்தத்தை எழுப்புகிறது. பல்ப் கருகிப்போனால் சார்ஜும் இல்லை. எல்ஈடி போட்டாலும் கரண்ட் போதாது. போட்டே ஆகவேணும் என்றால் பக்கத்தில் 47 ஓம், 5 வோட்ஸ் ரெசிஸ்ரர் ஒன்றை இணையாகப் பூட்டுங்கள். எல் முனைக்குப் பல்ப் இல்லாமல் நேராகப் 12 வோல்ற் கொடுத்தால் றெகுலேற்றர் கருகும். ஜப்பான் ஓல்ரனேற்றரில் ஐஜி என்று இன்னொரு முனை இருந்தால் சாவிக் கரண்டை அதற்கு நேரே கொடுக்கலாம். எஸ் முனை (பற்றரி வோல்ற்றைப் பார்க்கும் முனை) இருந்தால் அது பற்றரி பிளஸுக்கு.

ஏர்த்தை, அதாவது மைனஸ் பக்க இணைப்பைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். பிராக்கெற் பெயின்ற் அடித்தது, போல்ற் துருப்பிடித்தது, அதை நம்பாதீர்கள். ஓல்ரனேற்றர் பொடியிலிருந்து எஞ்சின் புளொக்குக்குத் தனி 6 மில்லி வயர் போடுங்கள். வயர் முனையின் வளையம் இருக்கும் இடத்தை வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஓடும் மெசினுக்கு இது கட்டாயம்.

சாவி போட்டதும் பல்ப் எரிய வேணும், எஞ்சினைக் கொஞ்சம் கூட்டியதும் அணைய வேணும். நடு ஓட்டத்தில் பற்றரி முனைகளில் மீற்றரை வையுங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ற் சரி. 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் பழுது. குறைவென்றால் எல்லா லைற்றையும் போட்டுக்கொண்டு பி பிளஸுக்கும் பற்றரி பிளஸுக்கும் இடையில் அளவுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வயரிலோ பியூஸிலோ தளர்வு. ஓல்ரனேற்றர் பொடிக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 0.2க்கு மேல் வந்தால் ஏர்த் பிழை. இரண்டும் சரி என்றால் பெல்ற்றைப் பாருங்கள். பெருவிரலால் அழுத்தினால் 12 மில்லிமீற்றரளவு தாழ வேணும்.

எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் டைனமோக் காலத்தது. ஓல்ரனேற்றரில் வோல்ற் ஒரேயடியாக எகிறி டயோட்டையும் றெகுலேற்றரையும் கொன்றுவிடும். மெசினில் பூட்டியபடியே கேஜ் வீலையோ (சேற்றில் ஓடப் பூட்டும் இரும்புச் சில்லு) இழுவைப் பெட்டியையோ வெல்டிங் பண்ணப் போனால், முதலில் பற்றரி வயரையும் பி பிளஸ் வயரையும் கழற்றுங்கள். சூடடிப்பு முடிந்ததும் விசிறிக்குள் சிக்கிய வைக்கோல் தூசியைக் காற்றடித்து எடுங்கள். அது அடைத்தால் சூடேறி உள்ளே கம்பிச் சுருள் கருகும்.