மலைக்குளிரில் நாற்று முளைக்க ஹீட்டர் வேண்டாம்

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பசுமைக்குடிலுக்கு ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள், குடிலை விட்டுவிட்டுக் விதை போட்ட குழித்தட்டை (சிறு குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) மட்டும் சூடாக்கிப் பாருங்கள். செங்கல்லை நாலு பக்கமும் ஒரு அடி உயரத்துக்கு அடுக்கி, நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். மேலே ஒரு தகரம், அதன்மேல் தட்டு. எல்இடி பல்பு உதவாது, அதில் சூடு போதாது.

தக்காளி, குடைமிளகாய் விதை முளைக்க மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் போதும். குடிலின் காற்று எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஹீட்டர் தரும் சூடோ மேலே ஏறி, பாலித்தீன் தாள் வழியே வெளியே போய்விடும். ஆயிரம் வாட் ஹீட்டர் 10 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 10 யூனிட்; இந்தப் பல்புக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

தண்ணீர் தெளிக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். முளை தெரிந்ததும் தட்டை வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். லெட்யூஸ் (சாலட் கீரை) விதைக்கு இது ஆகாது, சூட்டில் முளைக்காது. வேலூர் டவுனில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே நிழல்வலைதான் முக்கியம்.