பழைய ஜூக்பாக்ஸிலிருந்து வங்கி ஆவணப் படங்களை மாற்றுவது எப்படி?

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் வங்கிகளுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு, வங்கி ஐடி என்றால் மொபைல் ஆப், ஏபிஐ என்றுதான் நினைப்பு. வந்த சில நாளிலேயே யாராவது சர்வர் அறைக்குக் கூட்டிப்போய் ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டியைக் காட்டி, "இதைக் காலி பண்ணணும்" என்பார்கள். அதுதான் ஆப்டிக்கல் ஜூக்பாக்ஸ், ஸ்கேன் செய்த வங்கி ஆவணப் படங்களை வைத்திருக்கும் பழைய சேமிப்புப் பெட்டி.

உள்ளே ஐந்தேகால் அங்குல மேக்னெட்டோ-ஆப்டிக்கல் டிஸ்க்குகள் அடுக்கியிருக்கும். கேட்ட படம் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ, அதை ரோபோ கை எடுத்து டிரைவில் செருகும். ஒரு டிஸ்க்கில் இரண்டு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 9.1 ஜிபி. இவ்வளவுதானா என்று சிரிக்க வேண்டாம். குரூப் 4 முறையில் சுருக்கிய கறுப்பு வெள்ளைப் பக்கம் ஒன்று 50 கேபி என்று வைத்தாலும், ஒரே டிஸ்க்கில் சுமார் 1,80,000 பக்கங்கள் அடங்கும்.

படி 1: எதை மாற்றுவது?

இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சட்ட விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். கறுப்புப் பணத் தடுப்புக்கான தென்னாப்பிரிக்காவின் ஃபிக்கா (FICA) சட்டப்படி வாடிக்கையாளர் உறவு முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியவரின் பழைய விண்ணப்பம் இன்னும் நடப்பு ஆவணம்தான். ஆனால் தேவைக்கு மேல் தனிநபர் விவரங்களை வைத்திருக்காதே என்கிறது தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போபியா (POPIA) சட்டம். தென்னாப்பிரிக்காவில் காசோலைகள் 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டன. அந்தப் படங்களைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

படி 2: இண்டெக்ஸ்

பாதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். டிஸ்க்கில் இருப்பது வெறும் எண்ணிட்ட படங்கள். எந்தப் படம் யாருடைய கணக்கு, என்ன ஆவணம், என்ன தேதி என்பதெல்லாம் தனி டேட்டாபேஸில் இருக்கும், அதுதான் இண்டெக்ஸ். அது போனால் லட்சக்கணக்கான படங்கள் இருந்தும் ஒன்றும் கிடைக்காது. அதனால் படங்களைத் தொடுவதற்கு முன் இண்டெக்ஸை முழுசாக எடுத்துப் பிரதி வையுங்கள். படத்தின் மேல் ஊழியர்கள் போட்ட குறிப்புகளும் பல அமைப்புகளில் தனி அட்டவணையில்தான் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

எடுத்ததை எக்செல்லில் திறந்து சேமிக்கவே கூடாது. கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை அது தின்றுவிடும். இங்குள்ள 13 இலக்க அடையாள எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது. 2003-இல் பிறந்த பிள்ளையின் சேமிப்புக் கணக்கு என்றால் 03. அந்த பூஜ்ஜியம் போனால் எண்ணே தப்பு.

பெயரை வைத்துப் பொருத்தலாமே என்று தோன்றும். டர்பன் கிளைகளின் பதிவுகளைப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை என்று நம் ஆட்களின் குடும்பப் பெயர்களே வரிசையாக வரும், முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். கணக்கு எண்ணும் அடையாள எண்ணும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கிளைகளை இணைத்தபோது கணக்கு எண் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் பட்டியலையும் தேடி வாங்குங்கள்.

படி 3: டிஸ்க் வரிசையில் படியுங்கள்

கணக்கு வரிசையில் படங்களைக் கேட்டால் ரோபோ கை ஒவ்வொரு படத்துக்கும் டிஸ்க்கை மாற்றிக்கொண்டே இருக்கும். வேலையும் நகராது, வயதான இயந்திரமும் தாங்காது. இண்டெக்ஸை முதலில் டிஸ்க், பிறகு டிஸ்க்கின் பக்கம், பிறகு கோப்பு என்று வரிசைப்படுத்துங்கள். ஒரு டிஸ்க்கைச் செருகினால் அதன் ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்தது. பல ஜூக்பாக்ஸ் மென்பொருள்கள் தங்களுக்கே உரிய வடிவத்தில் எழுதுவதால், டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு டிரைவில் போட்டாலும் படிக்க வராது. ஆகவே பழைய சர்வரைக் கடைசிவரை உயிரோடு வைத்திருங்கள். அப்புறம், யூபிஎஸ் கட்டாயம். டிஸ்க் ரோபோ கையில் இருக்கும்போது மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்று லோட்ஷெட்டிங் பார்த்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: சரிபார்ப்பு

எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ-256 (SHA-256) எண்ணை எடுத்துப் பதிந்து, புதிய இடத்தில் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் டிஃப் (TIFF) என்ற படக் கோப்பில், கறுப்பு எது வெள்ளை எது என்று சொல்லும் 262-ஆம் டேக் (கோப்புக்குள் உள்ள விவரக் குறி) மாறியிருக்கும். குப்பையாகத் தெரிந்தால் 266-ஆம் டேக்கைப் பாருங்கள், பிட்களின் வரிசை தலைகீழாக இருக்கலாம். மூலப் படத்தைத் திருத்தாதீர்கள். திருத்திய பிரதியை, நீண்ட காலம் காப்பதற்கான பிடிஎஃப்/ஏ (PDF/A) வடிவில் பக்கத்தில் வையுங்கள்.

படி 5: புதிய இடம்

எழுதியபின் அழிக்க முடியாதபடி பூட்டக்கூடிய சேமிப்பு, வேறொரு ஊரில் இரண்டாவது பிரதி. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

படி 6: பழைய டிஸ்க்குகள்

கிளை ஊழியர்கள் புதிய அமைப்பில் தேடிப் பழகி, தணிக்கைப் பிரிவும் கையெழுத்துப் போட்ட பிறகே இதற்கு வாருங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பயன்படுத்தும் காந்த அழிப்பான் இங்கே வேலைக்கு ஆகாது. மேக்னெட்டோ-ஆப்டிக்கல் டிஸ்க்கில் லேசர் சூடாக்கினால்தான் காந்தப் பதிவு மாறும், சாதாரண வெப்பத்தில் அசையாது. துண்டுதுண்டாக அரைக்கும் நிறுவனத்திடம் கொடுத்து, டிஸ்க் எண் வாரியாக அழிப்புச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.