பனி மூடிய சாலையில் முன்சக்கர இயக்கக் காரை ஓட்டுவது எப்படி?

முன்சக்கர இயக்கச் செடானில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே இருப்பதால் வண்டியின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன் டயர்கள் மேல் அழுந்துகிறது. பனியில் கிளம்புவதற்கு அந்த எடை பெரிய உதவி. ஆனால் வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு என மூன்றும் அந்த இரண்டு டயர்களின் தலையில்தான் விழுகின்றன. பனியில் அவற்றுக்குக் கிடைக்கும் பிடிப்போ மிகக் கொஞ்சம். அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள்: வண்டி நேராக ஓடும்போதே பிரேக், பிரேக்கை விட்டபின் திருப்பம், ஸ்டியரிங் நேராகத் தொடங்கியபின் ஆக்சிலரேட்டர்.

டயர்

செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனி டயரின் ரப்பர் மிருதுவாகவே இருக்கும். பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம்+எஸ்’ எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம் அல்ல. டயர் மேற்பரப்பின் வரிப்பள்ளமான பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் குறைந்தால், டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் பனிக்கு அது தீர்ந்துபோன டயர்.

நான்கு சக்கரத்துக்கும் பனி டயர் போடுங்கள். முன் சக்கரம்தானே இழுக்கிறது என்று முன்னால் மட்டும் இரண்டு போடுவது மிக ஆபத்தான சிக்கனம். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கும்; வளைவில் பிரேக்கைத் தொட்டாலே வண்டி சுழன்றுவிடும்.

வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறையும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளந்து, கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவது பின்சக்கர இயக்க வண்டிக்கான பழக்கம். இங்கே பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் எடை, இழுக்க வேண்டிய முன் சக்கரங்களின் பாரத்தைக் குறைக்கத்தான் செய்யும். பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றிச் செயின் கட்டுவதானால் முன் சக்கரங்களில் கட்டுங்கள்; சிறிது தூரம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்; 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். கையேடு உங்கள் டயர் அளவுக்குச் செயின் கூடாது என்றால் கூடாதுதான்.

கிளம்புமுன்

கூரைப் பனியை முழுக்கத் தள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் முதல் பிரேக்கில் அது சரிந்து முன் கண்ணாடியை மூடிவிடும். எல்இடி முகப்பு விளக்கு அதிகம் சூடாகாது, படிந்த பனி தானாக உருகாது, கையால் துடையுங்கள். வைப்பர் தண்ணீர் உறையாத குளிர்கால வகையாக இருக்கட்டும். எரிபொருள் பாதி டாங்குக்குக் குறைய வேண்டாம். டிக்கியில் மண்வாரி, ஒரு பை மணல், இழுவைக் கயிறு, கம்பளி, டார்ச்.

ஓட்டும்போது

ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கிளம்புங்கள். மேனுவல் வண்டியில் இரண்டாம் கியரில், கிளட்சை மெதுவாக விட்டு எடுத்தால் சக்கரம் சுழலாது. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். முன்வண்டிக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 வினாடி இடைவெளி விடுங்கள். பனிக்கட்டியில் வண்டி நிற்கும் தூரம் உலர்ந்த சாலையைப்போலப் பத்து மடங்கு வரை நீளக்கூடும்.

கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நேரத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும்; கட்டிமேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் அப்போதுதான் வழுக்கல் உச்சம். பாலங்கள் அடியிலும் குளிர்வதால் சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

மேட்டில் ஏறுமுன், சமதளத்திலேயே வேகம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் எடை பின்னுக்கு நகர்வதால் முன் சக்கரம் பிடிப்பை இழக்கும். நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் சுழன்று, வண்டி அங்கேயே நிற்கும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் சடாரென்று குறைத்தால் எஞ்சின் தடை முன் சக்கரங்களில் மட்டும் விழுந்து ஸ்டியரிங் செத்துப்போகும்.

பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அவசரத்தில் பிரேக்கை அழுத்தி அப்படியே பிடியுங்கள். மிதி காலடியில் அதிரும். அதற்குப் பயந்து காலை எடுக்காதீர்கள். ஆழமான உதிரிப் பனியில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் கூட்டவும் கூடும். அது காப்பாற்றித் தருவது திருப்பும் வசதியை.

வழுக்கினால்

இந்த வண்டிகளில் அதிகம் நடப்பது, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போவது. கை தானாக இன்னும் திருப்பப் பார்க்கும்; அதுதான் தவறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கைச் சிறிது நேராக்குங்கள், டயர் பிடிக்கும்வரை பொறுங்கள். பிடித்ததும் மெதுவாகத் திருப்புங்கள்.

பின்பக்கம் வெளியே வீசினால் காரணம் பெரும்பாலும் வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டதோ பிரேக் போட்டதோதான். எடை முன்னே பாய்ந்து பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. பிரேக்கை விட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து, அந்தத் திசைக்கே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். முன் சக்கரம் அந்தத் திசைக்கு வந்தபின் மெல்லிய ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முன்பக்கம் வண்டியை இழுத்து நேராக்கும். ஹேண்ட் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது பின் சக்கரங்களைப் பூட்டி வண்டியைச் சுழற்றும்.

சிக்கிக்கொண்டால்

சக்கரத்தைச் சுழலவிட்டால் அடியிலுள்ள பனி உருகி, மறுபடி உறைந்து, வழவழப்பான குழியாகிவிடும். முன் சக்கரங்களின் முன்னும் பின்னும், வண்டியின் அடிவயிற்றிலும் பனியை வாருங்கள். ஸ்டியரிங்கை நேராக்கி, மணல் தூவுங்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோலை, அதாவது சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் வசதியை, அணையுங்கள். அது எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். பிறகு முன், பின் என்று மெதுவாக அசைத்து வெளியேறுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு முறையும் வண்டி முழுதாக நின்றபின்தான் கியரை மாற்ற வேண்டும். வெளியே வந்ததும் டிராக்‌ஷன் கண்ட்ரோலைத் திரும்பப் போடுங்கள்.

உதவிக்காகக் காத்திருக்க நேர்ந்தால் வண்டிக்குள்ளேயே இருங்கள். எஞ்சினைப் போடுமுன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அடைபட்டால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடாமல் இடைவெளி விட்டு ஓடவிடுங்கள். ஓடும் நேரத்தில் காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். பனி தொடர்ந்து பெய்தால் ஒவ்வொரு முறையும் குழாயை மீண்டும் பாருங்கள்.