ஹார்னி கவுண்டி: பழைய பண்ணைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தென்கிழக்கே இருக்கிறது ஹார்னி கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). பரப்பு 10,000 சதுர மைலுக்கு மேல். மக்கள்தொகை 8,000கூட இல்லை. மாடுதான் இங்கே பிழைப்பு. இந்த ஊர்க் கதையைச் சொல்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சில தவறுகளைச் செய்கிறார்கள். யார் முதலில் வந்தார், யார் கட்டினார் என்று கேட்கிறார்களே தவிர, தண்ணீர் யார் கையில் இருந்தது என்று கேட்பதில்லை.

பெரிய தவறு, கதையை 1872இல் தொடங்குவது. பீட்டர் ஃப்ரெஞ்ச் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் கலிஃபோர்னியாவிலிருந்து சுமார் 1,200 மாடுகளோடும் சில மெக்சிகோ மாட்டுக்காரர்களோடும் வந்து, பிளிட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிய வருடம் அது. அதே வருடம்தான் இங்குள்ள பூர்வகுடிகளான வடக்கு பையூட் மக்களுக்கென்று மால்ஹியர் ஒதுக்கீட்டு நிலத்தை அரசு அறிவித்தது. ஆனால் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக மால்ஹியர் ஏரிக்கரையில் விதை சேகரித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள். 1878இல் பானக் போர் வந்தது; பானக் என்ற பூர்வகுடியினரும் பையூட் மக்களில் சிலரும் அமெரிக்கப் படையோடு மோதிய போர் அது. போரில் சேராதவர்களையும் சேர்த்து, 1879 ஜனவரிப் பனியில் 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, வாஷிங்டன் பகுதியில் இருக்கும் யாக்கிமா ஒதுக்கீட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்றார்கள். அதற்குப் பிறகு ஒதுக்கீட்டு நிலம் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதை விட்டுவிட்டு 'ஆளில்லாத வனாந்தரத்தில் குடியேறினார்கள்' என்று எழுதுவது பொய். திரும்பி வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் பர்ன்ஸ் ஊரை ஒட்டித்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது, ஃப்ரெஞ்ச் கட்டிய வட்டக் கொட்டகை. எல்லோரும் படம் பிடிக்கும் இடம். வைக்கோல் போடவோ மாடு கட்டவோ கட்டியது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவசரப்படாமல் உள்ளே போய்ப் பாருங்கள். மொத்த விட்டம் சுமார் 100 அடி. நடுவில் கருங்கல் சுவரால் ஒரு வட்டம். அதற்கும் வெளிச்சுவருக்கும் இடையே சுமார் 20 அடி அகலத்தில் ஓர் ஓடுபாதை. வெளியே பனி கொட்டும் மாதங்களில் குதிரைகளை அந்தப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழக்கினார்கள். தலையை நிமிர்த்தினால், நடுக்கம்பத்திலிருந்து கூரைச் சட்டங்கள் குடைக்கம்பிகள் மாதிரி விரியும். தாங்கி நிற்பவை அந்தப் பக்கத்து ஜூனிப்பர் மரங்கள். குதிரை பழக்கிய மெக்சிகோக்காரர்களைச் சொல்லாமல் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

ஃப்ரெஞ்சை வீரனாகவோ வில்லனாகவோ மட்டும் காட்டுவதும் தவறுதான். சதுப்பு நிலத்தை அரசு மலிவாக விற்றது; அப்படிச் சதுப்பு நிலம் என்று பதிவு செய்து ஆற்றோர நிலத்தை வளைத்துப்போட்டவர் அவர். வறண்ட சீமையில் ஆற்றங்கரை கையில் இருந்தால், சுற்றியுள்ள மேய்ச்சலும் கையில் இருந்த மாதிரிதான். சின்னக் குடியேறிகளோடு வழக்கு மேல் வழக்கு. 1897 டிசம்பர் 26 அன்று எட் ஆலிவர் என்ற குடியேறி அவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி ஆலிவரை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள நிலத் தகராறின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.

இதே கவுண்டியில் இருக்கும் கேட்லோ பள்ளத்தாக்குப் பக்கம் போனால் இடிந்த வீடுகளைப் பார்க்கலாம். உழைக்கத் தெரியாமல் ஓடிப்போனவர்களின் வீடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குடியேறிகளுக்கு நிலம் கொடுக்கும் 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்கு 320 ஏக்கர் வரை தந்தது, மழையைத் தரவில்லை. வருடத்துக்குப் பத்து அங்குலம் போலத்தான் பெய்யும். கோடையிலும் உறைபனி விழும். கோதுமை எப்படி நிற்கும்? கொஞ்ச வருடங்களிலேயே பள்ளத்தாக்கு காலியானது. மாடு மேய்க்கலாம், அதற்கும் இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும்.

சரி, நேரில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாழடைந்து கிடப்பதால் பொது இடம் என்று அர்த்தமில்லை; பல வீடுகள் இன்றும் பண்ணைக்காரர்களின் சொந்த நிலத்தில் நிற்கின்றன. கேட்காமல் வேலி தாண்டாதீர்கள். உள்ளே போகச் சம்மதம் கிடைத்தால், வேலிக்கதவு திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுவிட்டு வாருங்கள். கதவை மாற்றி வைத்தால் மாடு தண்ணீரைவிட்டு விலகிப்போகும், இல்லையென்றால் வேறொரு மந்தையோடு கலந்துவிடும். ஸ்டீன்ஸ் மலைச் சாலையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், கோடையில்தான் திட்டமிட வேண்டும். மத்திய அரசு நிலத்தில் பையூட் மக்களின் பழைய அம்பு முனைகள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், அது குற்றம். இருந்த இடத்திலேயே இருந்தால்தான் ஆய்வாளர்களுக்கு அதிலிருந்து ஏதாவது தெரியும்.