நெடுஞ்சாலைப் பலகையை ரசிப்பது எப்படி? முதலில் எண்ணை மறையுங்கள்

வினோதமான சாலைப் பலகைகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் எழுத்துப் பிழைகளையும் வேடிக்கையான ஊர்ப் பெயர்களையும்தான் சேர்க்கிறார்கள். ஒரு தடவை சிரித்தால் அது தீர்ந்துவிடும். பலகைகளுக்கு ஸ்டிக்கர் எழுத்து வெட்டிப் பிழைக்கிறவன் நான். திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிற ரகம் எது என்று என்னைக் கேட்டால், சாலையின் எண்ணை மட்டும் தாங்கி நிற்கும் அந்தச் சின்னப் பலகையைத்தான் காட்டுவேன். ஊர்ப் பெயர் கிடையாது, தூரம் கிடையாது. இரண்டடிச் சதுரத்துக்குள் அந்த மண்ணின் அடையாளமும் இருக்க வேண்டும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் கண்ணில் எண்ணும் பட வேண்டும். இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும்போதுதான் சுவாரசியமான வடிவங்கள் பிறக்கின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

பயணம் போக வேண்டிய அவசியம் இல்லை. கூகுள் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூ போதும். அமெரிக்காவில் தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் சாலைக்குத் தானே பலகை வடிவம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். சந்திப்புக்குச் சற்று முன்னும் பின்னும் எண் பலகைகள் வரிசையாக நிற்கும்.

எண்ணைக் கட்டை விரலால் மறைத்துப் பாருங்கள்

திரையில் எண் இருக்கும் இடத்தை விரலால் மூடுங்கள். மிச்சம் இருப்பதை வைத்து இது எந்த ஊர்ச் சாலை என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த வடிவம் தன் வேலையைச் செய்கிறது.

கன்சாஸ் மாநிலம் சூரியகாந்திப் பூவை வைத்திருக்கிறது. மஞ்சள் இதழ்கள் சுற்றி நிற்க, நடுவில் எண். யூட்டாவில் தேன்கூடு. பென்சில்வேனியாவில் கல் வளைவின் உச்சியில் இறுக்கி வைக்கும் ஆப்புக்கல்லின் வடிவம், அந்த மாநிலத்தின் பட்டப் பெயரே அதுதான். கலிபோர்னியாவின் பச்சைப் பலகை தங்கம் தோண்டப் போனவர்களின் மண்வெட்டித் தகடு. வயோமிங்கில் துள்ளும் குதிரைமேல் ஒரு வீரன். நியூ மெக்சிகோவில் ஜியா பழங்குடியினரின் சூரியக் குறி. வாஷிங்டன் மாநிலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம், அவர் மண்டைக்குள்தான் சாலை எண்.

சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்கோட்டையே வடிவமாக வைத்துக்கொண்டன. ஒஹையோவுக்கு அது பொருந்துகிறது. கொலராடோ அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் எல்லை கிட்டத்தட்ட ஒரு செவ்வகம், வெறும் டப்பாதான் கிடைக்கும். அதனால் அங்கே மாநிலக் கொடி பலகையின் மேல்பாதியில் ஏறியிருக்கிறது. அய்டகோ தன் வரைபடத்தைச் சின்னதாக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எண்ணுக்கு இடம் விட்டது. இதை எப்போது பார்த்தாலும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றும்.

இன்னொரு பக்கம் அயோவா, கென்டக்கி, நியூ ஜெர்சி. கறுப்புச் சதுரத்தில் வெள்ளை வட்டம், அவ்வளவே. விரலால் மூடினால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வட்டத்தில் எண் எவ்வளவு பெரிதாக உட்காருகிறது என்று பாருங்கள். சூரியகாந்தியில் இதழ்களுக்கே பாதி இடம் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூ ஹாம்ப்ஷயர். அங்கே ஒரு மலைச்சரிவில் பாறைகள் அமைந்த விதம் ஒரு கிழவரின் முகம் போலத் தெரியும். ‘மலைக் கிழவர்’ என்று பெயர். அந்த நெற்றி, மூக்கு, தாடை விளிம்பைத்தான் சாலை எண் பலகையில் வைத்தார்கள். 2003 மே 3-ஆம் தேதி அந்தப் பாறை முகம் சரிந்து விழுந்துவிட்டது. மலையில் இப்போது முகம் இல்லை, பலகையில் இருக்கிறது. மாற்றவே இல்லை. அந்த ஊர்ப் பலகை கிடைத்தால் முடிந்தவரை பெரிதாக்கி, எண்ணை விட்டுவிட்டு இடப்பக்க விளிம்பை மட்டும் மேலிருந்து கீழே கண்ணால் தடவிக்கொண்டு வாருங்கள். புருவம் துருத்துவதும் மூக்குக்குக் கீழே உதடு உள்வாங்குவதும் ஒரே கோட்டில் வந்துவிடும். தகடு வெட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வடக்கு டகோட்டாவில் நடந்தது நேர்மாறு. அங்கே பல தலைமுறைகளாகப் பலகையில் இருந்தது ரெட் டொமஹாக் என்ற சியூ பழங்குடி இனத்தவரின் முகம். 1890-இல் சியூ தலைவர் சிட்டிங் புல்லைக் கைதுசெய்யப் போய், அவர் கொல்லப்பட்ட சம்பவத்தில் இருந்த போலீஸ்காரர். 2016 வாக்கில் அந்த முகத்தை எடுத்துவிட்டு மாநில வரைபடத்தை வைக்கத் தொடங்கினார்கள். கணினியில் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்தால் பழைய தேதிப் படங்களையும் பார்க்கலாம். ஒரே கம்பத்தில் முகம் போய் வரைபடம் வந்ததை அருகருகே வைத்துப் பார்க்க முடியும். எல்லா இடத்துக்கும் பழைய படம் கிடைக்காது, இரண்டு மூன்று சந்திப்புகளைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்று இலக்கம் வந்தால் என்ன ஆகிறது?

ஒரு வடிவம் அழகாக இருப்பது சுலபம், எண் 7 என்று இருக்கும்வரை. 520 என்று வந்தால்தான் சோதனை. வேண்டுமென்றே மூன்று இலக்கச் சாலைகளைத் தேடிப் போங்கள். வடிவமைத்தவருக்கு இரண்டே வழி: எழுத்தை ஒடுக்க வேண்டும், அல்லது பலகையை அகலமாக்க வேண்டும். எழுத்தை ஒடுக்கினால் தூரத்தில் 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அமெரிக்க மாநிலங்களுக்கிடையிலான பெருஞ்சாலையின் கேடயத்துக்கு இரண்டு அளவு உண்டு. சாதாரண இடங்களில் இரண்டு இலக்கத்துக்கு 24 அங்குலச் சதுரம், மூன்று இலக்கத்துக்கு உயரம் அதே 24, அகலம் மட்டும் 30. கலிபோர்னியாவின் மண்வெட்டியும் இப்படித்தான் விரியும், விரிந்தாலும் மண்வெட்டி மண்வெட்டியாகவே இருக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் விரிவது ஜார்ஜ் வாஷிங்டனின் தலை. பாவம் மனிதர்.

அந்தப் பெருஞ்சாலைக் கேடயத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ரிச்சர்ட் ஆலிவரின் வடிவத்தை ஒட்டி 1957-இல் ஏற்றுக்கொண்டது. மேலே சிவப்புப் பட்டை, கீழே நீலம், வெள்ளை எண். வணிகச் சின்னம் மாதிரிப் பதிவு செய்தும் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறும் எண்ணுக்கும் கணக்கு உண்டு. இரட்டைப்படை என்றால் கிழக்கு மேற்கு, ஒற்றைப்படை என்றால் வடக்கு தெற்கு. சின்ன எண்கள் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கும். 1926-இல் வந்த பழைய அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இது தலைகீழ், சின்ன எண்கள் கிழக்கிலும் வடக்கிலும். இரண்டு வரிசையிலும் நாட்டின் நடுப்பகுதியில் விழும் 50-ம் 60-ம் மோதிக்கொள்ளக் கூடாதென்று பெருஞ்சாலைகளில் அந்த இரண்டு எண்களையும் விட்டுவிட்டார்கள்.

ஜப்பானுக்குப் போனால் தேசிய நெடுஞ்சாலைப் பலகை முனை மழுங்கிய தலைகீழ் முக்கோணம், நீல நிறம். அங்குள்ளவர்கள் அதைச் செல்லமாக ‘ஒனிகிரி’ என்பார்கள், அவர்கள் ஊர்ச் சோற்றுருண்டை. எண்கள் 1 முதல் 58 வரை போய், அங்கிருந்து ஒரே தாவாக 101-க்குப் போகும். இந்தப் பலகைகளில் ஒன்றைக் கட்டாயம் தேடுங்கள்: அவோமோரி மாகாணத்தில் தப்பி முனைக்குப் பக்கத்தில் 339-ஆம் எண் நெடுஞ்சாலை. அதன் ஒரு துண்டு 362 படிகள் கொண்ட மாடிப்படி. வண்டி போகவே முடியாது. ஆனாலும் தேசிய நெடுஞ்சாலை என்பதால் படிக்கட்டு ஓரத்தில் அதே நீல முக்கோணம் முறைப்படி நிற்கிறது. யாரும் வேடிக்கைக்காகச் செய்த பலகை இல்லை, விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றியதில் வந்த விசித்திரம். எனக்கு இந்த ரகம்தான் ஒசத்தி.

எழுத்தையும் பாருங்கள்

வடிவம் பழகிய பிறகு எழுத்துக்கு வாருங்கள். இதற்கு நல்ல இடம் பிரிட்டன். 1950-களின் கடைசியில் அங்கே மோட்டார்வே என்ற அதிவேகச் சாலை முதன்முதலாக வந்தபோது பலகைகளை ஜாக் கின்னேர் வடிவமைத்தார், அவரிடம் மாணவியாக இருந்த மார்கரெட் கால்வர்ட் சேர்ந்துகொண்டார். அதுவரை இருந்த வழக்கம் எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்து (கேப்பிடல்). இவர்கள் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து மிச்சத்தைச் சிறிய எழுத்தாக்கினார்கள். காரணம் எளிது. எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் எந்த ஊரின் பெயரும் ஒரே உயரத்துச் செவ்வகமாகத் தெரியும். சிறிய எழுத்தில் சில மேலே நீளும், சில கீழே இறங்கும். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் முன்பே பெயரின் உருவம் கண்ணில் விழுந்துவிடும். இதைச் சோதிக்கக் கண்ணை இடுக்கிப் பாருங்கள், அல்லது படத்தைக் கட்டை விரல் நகமளவுக்குச் சுருக்குங்கள். பெயரை ஊகிக்க முடிகிறதா?

1965-லிருந்து பிரிட்டன் முழுக்க வந்த எச்சரிக்கைப் படங்களில் பலவும் கால்வர்ட் வரைந்தவை. பள்ளிக் குழந்தைகள் பலகையில் ஒரு சிறுமி சின்னப் பையனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். தன்னையே நினைத்து வரைந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் இருந்த பலகையில் பையன் முன்னால் போவான். அந்த இரண்டு உருவங்களின் கால்கள் எவ்வளவு தடிமனாக இருக்கின்றன என்று கவனியுங்கள். மெல்லிய கோடு தூரத்தில் கரைந்துவிடும்.

அமெரிக்காவில் எழுத்து பெரிய இழுபறி. கிளியர்வியூ என்ற புது எழுத்துருவுக்கு 2004-இல் அனுமதி தந்து, 2016-இல் திரும்பப் பெற்று, 2018-இல் மறுபடியும் தந்தார்கள். அதனால் ஒரே சாலையில் பழையதும் புதியதும் கலந்து நிற்கும். சிறிய ‘e’, ‘a’ எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். அது தாராளமாக இருந்தால் கிளியர்வியூ.

அப்புறம், பலகையின் வயது. வெள்ளை எழுத்துக்குள் சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாகப் பதிந்திருந்தால் விடாதீர்கள். ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ் ஷீட் பரவலாவதற்கு முன், ஒவ்வொரு எழுத்திலும் பிரதிபலிக்கும் பொத்தான்களைக் கையால் பதித்தார்கள். கலிபோர்னியா, அரிசோனா, ஒஹையோ பக்கம் நிறைய இருந்தன. மாற்ற மாற்றக் குறைந்துகொண்டே போகிறது.

பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். நிறுத்தச் சொல்லும் பலகைக்கு எட்டு மூலை ஏன் என்று அப்போது புரியும். எதிர்ப்பக்கம் வருகிறவருக்கும் வெறும் தகரத்தின் உருவத்தை வைத்தே அது என்னவென்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் அது 1954 வரை மஞ்சள் நிறம். வெயிலில் வெளுக்காத சிவப்பு கிடைத்த பிறகுதான் இன்றைய நிறம் வந்தது.

நேரில் படம் எடுப்பதென்றால்

ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது, அது பேச்சுக்கே இடமில்லை. வண்டி ஓடும்போது பக்கத்து இருக்கைக்காரர் 1/1000 வினாடி ஷட்டர் வைக்கட்டும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், ரிஃப்ளெக்டிவ் ஷீட் வெளிச்சத்தை அப்படியே உங்கள் பக்கம் திருப்பி அனுப்பும், படத்தில் பலகை வெள்ளைத் திட்டாகிவிடும். விளக்குப் புள்ளிகளால் எழுத்து ஓடும் மின்னணுப் பலகைக்கு மட்டும் விதி மாறும். அங்கே ஷட்டர் வேகமானால் பாதி எழுத்தைக் காணோம். 1/60 பக்கம் இறக்குங்கள்.

எடுப்பது படமாக இருக்கட்டும், பலகையாக வேண்டாம். கொலராடோவில் 420-ஆவது மைலைக் காட்டும் பலகை, அது கஞ்சாவுக்கான சங்கேத எண் என்பதால் திருடு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 419.99 என்று பலகை வைத்தார்கள். 666 என்ற நெடுஞ்சாலைக்கு 2003-இல் 491 என்று எண்ணையே மாற்றினார்கள். அங்கேயும் பலகைத் திருட்டு ஒரு தொல்லை.

கட்டாயம் ஒன்று சொந்தமாக வேண்டுமென்றால் செய்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பலகைகளின் அளவு, வளைவின் ஆரம், எழுத்தின் உயரம் எல்லாம் அரசு வெளியிட்ட வரைபடங்களில் அங்குலக் கணக்கில் இருக்கின்றன. முன்மாதிரி வேண்டுமா? லாஸ் ஏஞ்சலிஸ் ஓவியர் ரிச்சர்ட் அங்க்ரோம். 110-ஆம் எண் சாலையில் போகிறவர்களுக்கு 5-ஆம் எண் பெருஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தை மேலே தொங்கும் பலகை சரியாகச் சொல்லவில்லை என்பது அவர் குறை. 2001 ஆகஸ்டில், விதிப்படியான அளவு, நிறம், பொத்தான்களோடு கேடயத்தையும் ‘NORTH’ என்ற சொல்லையும் தானே செய்து, பாதுகாப்புத் தொப்பியும் ஆரஞ்சு மேலங்கியுமாகப் பட்டப்பகலில் ஏறி மாட்டிவிட்டார். பக்கத்துப் பலகையின் தூசியோடு ஒத்துப்போக மேலே லேசாகச் சாம்பல் பெயின்ட்டும் அடித்திருந்தார். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. செய்தி வெளியானபோது அதிகாரிகள் சோதித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். 2009-இல் அந்தப் பலகையை மாற்றியபோது புதியதில் நெடுஞ்சாலைத் துறையே 5-ஐச் சேர்த்து எழுதியது. நீங்கள் செய்வதை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். சாம்பல் ஸ்ப்ரே பெயின்ட்டைக் கடைசியில், தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை அடியுங்கள். பக்கத்தில் வைத்து அடித்தால் திட்டாகி வழிந்துவிடும்.